கையால் தூக்கக் கற்ற மாதம்

புருஷன் இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்டு என்னைத் திருப்பி அனுப்பியபோது எனக்கு இருபத்திரண்டு வயது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலுக்கு அரை மைல் தள்ளி அண்ணன் வீடு. அங்கேதான் போய்ச் சேர்ந்தேன். ஐம்பதுகளில் எங்கள் பக்கத்தில் அப்படி வந்து நிற்கிறவளுக்கு வாழாவெட்டி என்று பெயர். அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அண்ணன் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. ஆனால் அவன் பிள்ளைகளின் தட்டைப் பார்த்துவிட்டு என் தட்டில் கை வைக்க எனக்கு மனசு வராது. எனக்கென்று ஒரு வேலை வேண்டும், என் சோற்றை நான் சாப்பிட வேண்டும். அவ்வளவுதான்.

செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டுக்கு ஒரு ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று சந்தையில் சொன்னார்கள். நோயாளிகளை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போவதுதான் முக்கியமான வேலையாம், தூக்கிக் காட்டினால்தான் எடுப்பார்களாம். எனக்குச் சிரிப்பாக வந்தது. நான் சவுக்குத்தோப்பில் விறகு சுமக்கிறவள். கட்டைத் தலையில் ஏற்றிவிட்டால் இரண்டு மைல் நிற்காமல் நடப்பேன். எனக்குப் போய் பரீட்சையா?

பரீட்சைக்குக் கம்பவுண்டரையே ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்தார்கள். ஒல்லி மனுஷர். தலைமாட்டில் நான், கால்மாட்டில் அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண். பத்தடி போவதற்குள் என் விரல்கள் கழன்றுவிடும்போல ஆகிவிட்டது. கையைத் தொங்கவிட்டு நான் எதைச் சுமந்திருக்கிறேன்? எல்லாம் தலைச்சுமைதானே! விட்டால் ஆள் விழுந்துவிடுவாரே என்ற பயத்தில் பழக்கம் முந்திக்கொண்டது. ஒரே தம்மில் என் பக்கத்தைத் தூக்கித் தலைமேல் வைத்துவிட்டேன். கம்பவுண்டர் "ஐயையோ" என்று அலறிக்கொண்டே சறுக்கிப்போய் அந்தப் பெண்மேல் விழுந்தார்.

வார்டே சிரித்தது. பெரிய நர்ஸம்மா மட்டும் சிரிக்கவில்லை. "இதென்னம்மா, விறகுக் கட்டா? கையால தூக்கக் கத்துகினு வா. ஒரு மாசம் பாப்பேன், அதுக்கு மேல வேற ஆளைப் போட்டுடுவேன்" என்றார். மானம் போன மாதிரி இருந்தது. பஸ்ஸில் வழியெல்லாம் அழுதேன்.

அண்ணியிடம்தான் சொன்னேன். வெளி ஆம்பிளை யாராவது வந்தால் அண்ணி கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். கேட்ட கேள்விக்கு அங்கிருந்தே தலையாட்டுவாள், யார் கண்ணுக்குத் தெரியும் அது! என்னிடம் மட்டும் வாய் நீளும். கதையை முழுக்கக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தூக்கினு போறதுக்கு ரெண்டு பேர் வேணும் இல்ல? ஒரு பக்கம் நான் புடிக்கிறேன், வாடி" என்றாள்.

இரண்டு சவுக்குக் கழிகளுக்கு நடுவே கோணியை வைத்துத் தைத்தோம். முதல் நாள் ஐந்து முறம் மணல். விடிந்ததும் தோப்பு வழியாகக் கடல் வரைக்கும் போவோம், திரும்புவோம். கை தொங்கியபடியே இருக்க வேண்டும். நான் மறந்துபோய்த் தலைக்கு ஏற்றப்போனால், "ஏய், கம்பவுண்டரு வுழறாரு!" என்று பின்னாலிருந்து அண்ணி கத்துவாள். உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது. சோறு பிசைந்தால் உயிர் போகும். கரையில் வலை காயவைக்கிறவர்களுக்கு நல்ல வேடிக்கை. "இன்னாம்மா, இங்க இல்லாத மணலா? வூட்லேந்து எட்துகினு வரீங்கோ?" என்று ஒருத்தர் கேட்டார். நான் முறைத்தேன். அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள், ஆனால் நடையை நிறுத்தவில்லை.

நாலு நாளைக்கு ஒரு முறம் கூட்டினோம். பத்து முறத்துக்கு வந்தபோது அண்ணன் தோப்புக்கே வந்துவிட்டான். "போதும், ஊரே சிரிக்குது. கோணிய கீழ போடுங்க" என்றான்.

அண்ணி நின்றாள். கோணியைக் கீழே வைக்கவில்லை. "இன்னும் ஒரு நடை கீது. முடிச்சிட்டு வந்து கஞ்சி ஊத்தறேன்" என்றாள்.

அண்ணன் வழியை விட்டு ஒதுங்கினான். நான்தான் பயந்துபோய் அவன் முகத்தைப் பார்க்காமல் நடந்தேன். அந்த நடையை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனோம்.

மாதம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது அண்ணி துணைக்கு வந்தாள். என்னைக் கண்டதும் கம்பவுண்டர் மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வார்டுப் பெண்ணும் அன்றைக்கு லீவு. நர்ஸம்மா என்னையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தார். "நீ அந்தப் பக்கம் பிடிப்பியா?" என்று அண்ணியைக் கேட்டார். அண்ணி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். உடனே நர்ஸம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தானே ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்துக்கொண்டார்!

நல்ல கனம். கம்பவுண்டரைப்போல ஒன்றரை ஆள். தூக்கினோம். வராந்தாவின் அந்தக் கோடி வரைக்கும் போய், மூன்று படி இறங்கி, ஏறித் திரும்பினோம். என் கை கழலவில்லை, தலைக்கும் போகவில்லை. மெதுவாக இறக்கி வைத்தோம். நர்ஸம்மா எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு, "இருக்கிறது ஒரே எடம். நாளன்னிக்கு வந்து சேந்துடு" என்று என்னிடம் சொன்னார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

வராந்தாவில் அவ்வளவு பேர் கூடி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள், பாதிக்கு மேல் ஆம்பிளைகள். அண்ணி அவர்களுக்கு நடுவில் நின்று, நர்ஸம்மாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"அம்மா, அடுத்த எடம் எப்போ காலியாவும்?"