கோவிந்தசாமிக்கு ஒன்றும் ஆகாது

இதை எழுதலாமா வேண்டாமா என்று இருபது வருஷத்துக்கு மேல் தள்ளிப்போட்டுவிட்டேன். எழுதுகிற அளவுக்குப் படித்தவனும் இல்லை. பத்தாவது, அதுவும் இரண்டாம் தடவையில். போன வாரம் வங்கியில் ஒரு படிவம் நிரப்ப உட்கார்ந்தேன். அங்கே இருந்த பெண் தலையைத் தூக்காமலே, "உங்களுக்கு அப்புறம் யாரு சார்?" என்று கேட்டாள். கையிலிருந்த பேனாவை மூடினேன். அந்த ஏசிக் குளிரில் புதுப் பிளாஸ்டிக் வாடை வேறு இருந்தது. அந்த வாடையை முதன்முதலில் நான் முகர்ந்தது திருத்துறைப்பூண்டியில், ஹாஜா பாய் கடைப் பின்னறையில்.

பாய் குவைத்தில் பதினாலு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். நெல் அறுக்கும் மெஷின் இரண்டு வாங்கி வாடகைக்கு விட்டார். நான் குமாஸ்தா. நெற்றி நிறைய விபூதி பூசுவதால் என்னைச் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார். ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. யார் வயலில் என்றைக்கு மெஷின் இறங்கும் என்று முறை எழுதுவது என் வேலை. தை மாதம் எல்லார் வயலும் ஒன்றாகத்தான் முற்றும். முறைக்காகச் சம்பந்திகள் சட்டையைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். வேண்டியவர்களை நான் முன்னால் போடுகிறேன் என்று பேச்சு வந்தது. இரண்டு தடவை போட்டும் இருக்கிறேன், சிவபெருமான் மன்னிக்க வேண்டும்.

அந்தப் பேச்சு ஓயட்டும் என்று பாய் கம்ப்யூட்டர் வாங்கிப் பின்னறையில் வைத்தார். புரோகிராம் எழுத மெட்ராஸிலிருந்து விஜயா வந்தாள். இருபத்தைந்து வயசு இருக்கும். அவளுடைய அம்மாவுக்குத் திருக்காட்டுப்பள்ளி; அதனால் சம்பா என்றால் என்ன என்று நாங்கள் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"புரோகிராம்ல என்னென்ன வேணும் பாய்?"

"முறைய யாரும் மாத்தக் கூடாது. நானே வந்து கேட்டாலும் மாத்த முடியக் கூடாது."

"அப்புறம்?"

"டீ குடிக்கிறியாம்மா?"

அதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவள் கோபப்படவில்லை. "பட்டியல் வேணாம். கதையா சொல்லுங்கண்ணே. ஒரு ஆளு இங்க வர்றதுலேருந்து மெஷின் வயல விட்டு ஏறுற வரைக்கும். கதையில வராதது கம்ப்யூட்டருக்குத் தெரியாது" என்றாள்.

அந்த ஆளுக்குக் கோவிந்தசாமி என்று பெயர் வைத்தது நான். மூன்று ஏக்கர் கொடுத்தேன். சைக்கிள் கொடுத்தேன். வெற்றிலைப் பழக்கமும் கொடுத்தேன்.

"வெத்தல புரோகிராமுக்கு வேணாண்ணே."

"அது இல்லாம அவரு வரமாட்டாரும்மா."

எழுதிக்கொண்டாள். கோவிந்தசாமி பெயர் கொடுப்பார், முறை வாங்குவார், அந்த நாளில் வரப்பில் வந்து நிற்பார். வயல்காரர் நின்று எல்லை காட்டினால்தான் மெஷின் இறங்கும். இல்லாவிட்டால் பக்கத்துக்காரர் நெல்லை அறுத்துவிட்டுப் பஞ்சாயத்தில் உட்கார வேண்டியதுதான்.

"அன்னைக்கு அவரு வரலைன்னா?"

"சோம்பேறின்னு அர்த்தம். கடைசிக்குத் தள்ளு" என்றார் பாய்.

"உடம்பு முடியலைன்னா?"

"கோவிந்தசாமிக்கு ஒண்ணும் ஆகாதும்மா" என்றேன் நான்.

"செத்துப்போயிட்டாருன்னா?"

பாய் உதட்டுக்குள் ஏதோ ஓதினார். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா, வாயக் கழுவும்மா" என்றேன். வாயால் சொன்னது நடந்துவிடும் என்கிற நம்பிக்கை எங்கள் இரண்டு பேருக்கும் பொது. விஜயா எங்களை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தாளைத் திருப்பிவிட்டாள்.

மனசு கேட்காமல் அன்று சாயங்காலம் கோயிலில் கோவிந்தசாமி பேருக்கு ஒரு அர்ச்சனை செய்தேன். குருக்கள் நட்சத்திரம் கேட்டார். தெரியாது என்றேன். யார் அது என்றார். "நம்ம ஆபீசுக்கு வர்றவரு" என்றேன். பொய் என்று சொல்ல முடியாது.

முதல் தை நன்றாகப் போயிற்று. அச்சடித்த தாளைச் சுவரில் ஒட்டினால் சண்டை இல்லை. கம்ப்யூட்டருக்குச் சொந்தபந்தம் கிடையாது அல்லவா. அடுத்த தையில் ஒருநாள், பக்கத்து ஊர் மாரிமுத்துவின் சம்சாரம் பாக்கியம் வந்து நின்றாள். நெற்றி வெறுமையாக இருந்தது.

"எங்க முறை எப்பன்னு கேக்க வந்தேன் சாமி."

திரையில் 'மாரிமுத்து, வரவில்லை' என்று இருந்தது. வெளியூர் டிரைவர் வரப்பில் ஆள் இல்லை என்றான், நான் அதையே கம்ப்யூட்டரில் தட்டிவிட்டேன், அது கடைசிக்குத் தள்ளிவிட்டது.

"அன்னைக்கு வரலைன்னு போட்டிருக்கும்மா."

"அன்னைக்கு அவருக்குப் பன்னெண்டாம் நாளு" என்றாள்.

பதினாறாம் நாள் கருமாதி முடியாமல் அவள் வாசல் தாண்ட முடியாது. கொழுந்தன்மார் சவுதியில். வீட்டில் ஒரு பெண் குழந்தை. இல்லாத மனிதனுக்கு அர்ச்சனை செய்த எனக்கு, இருந்த மனிதர் போனது தெரியவில்லை.

அவளுக்கு முன்னால் பதினெட்டுப் பேர் இருந்தார்கள். வானம் மூடிக்கொண்டிருந்தது. பாய் கேட்டார், "கம்ப்யூட்டர் என்ன சொல்லுது சாமி?"

"மாத்த முடியாதுன்னு சொல்லுது பாய். நீங்க சொன்னதத்தான் சொல்லுது."

விஜயாவுக்கு எஸ்டிடி போட்டேன். "அன்னைக்கே கேட்டேன்லண்ணே" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. திருத்தி அனுப்பப் பத்து நாள் ஆகும் என்றாள்.

வண்டியை எடுத்துக்கொண்டு, அடுத்த முறைக்காரர்கள் மூன்று பேர் வீட்டுக்கும் போய், முறையை அவளுக்கு விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டேன். மூன்று பேரும் வானத்தைப் பார்த்தார்கள். "பாவந்தான். நம்மளுதும் சாயுதே சாமி" என்றார் ஒருவர். அதில் தப்பு என்ன இருக்கிறது? மறுநாள் மத்தியானம் பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. எங்கள் மெஷின் டயர் வண்டி, சேற்றில் இறங்காது. பாக்கியத்தின் இரண்டு ஏக்கரும் சாய்ந்து, கதிரிலேயே நெல் முளைத்துவிட்டது. நான் போய்ப் பார்த்தேன். பச்சையாக, பார்க்க அழகாகக்கூட இருந்தது.

தபாலில் ஃப்ளாப்பி வந்தது. கூடவே திருத்திய கதை. அதில் கோவிந்தசாமி ஒரே வரியில் இறந்திருந்தார். அதற்கடுத்த வரியில் அவர் மகள் வரப்பில் நின்றாள்.

அதிலிருந்து முறை கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும், "நீங்க இல்லாத பட்சத்துல யாரு நிப்பாங்க?" என்று நான் வாயால் கேட்க வேண்டும். பதில் போடாமல் கம்ப்யூட்டர் நகராது. "காலங்காத்தால இதுதான் கேள்வியா?" என்று ஒருவர் எழுந்தே போய்விட்டார். அடுத்த வருஷம் பாக்கியம் வந்தபோது, நான் திரையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"கேளுங்க சாமி. எல்லார்கிட்டயும் கேக்குறீங்கல்ல."

கேட்டேன்.

"எம்மவ தமிழரசி. எழுதிக்குங்க" என்றாள்.

இப்போது பாய் இல்லை. அந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. விஜயா அமெரிக்காவில் என்று கேள்வி. செல்லில் கூப்பிட்டால் எந்த ஊர் மெஷினோ வந்து அறுத்துவிட்டுப் போகிறது. முறையும் கிடையாது, வரப்பில் யார் நிற்பார் என்ற கேள்வியும் கிடையாது.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். சொல்லும்போது கேட்கிறவர் முகம் வாடும். கடைசி நேரத்தில் மழை விட்டது, நெல் தப்பித்தது என்று முடித்துவிட உங்களுக்கும் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். முளைத்தது முளைத்ததாகவே இருக்கட்டும்.