பாலத்தில் இறங்கிய மாப்பிள்ளை

இன்று காலை கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு முன்னால் எங்கள் பஸ் நின்றுவிட்டது. காரணம் ஒரு வெள்ளைக் குதிரை. மேலே மாலையோடு மாப்பிள்ளை.

பின்னாலிருந்த பஸ்கள் ஹோர்ன் அடிக்க அடிக்க, குதிரை காதை மடக்கிக்கொண்டு பின்வாங்கியது.

"நிக்காஹ்வுக்கு நேரமாகுது, ஒரு அடி போடுங்க!" என்றார் மாப்பிள்ளையின் மாமா.

கயிற்றைப் பிடித்திருந்த குதிரைக்காரர் அசையவில்லை. "அடிச்சா இன்னிக்குப் போயிரும் முதலாளி. நாளையிலருந்து பாலத்தைக் கண்டாலே நடுங்கும். மாப்பிள்ளை எறங்கி முன்னால நடந்தா, இது பின்னால வந்துரும்."

"எறங்காத மகன், ஊரே பாக்குது!" என்றார் மாமா.

எனக்குப் புசல்லாவை ஞாபகம் வந்தது. அங்கே தேயிலைத் தோட்டத்து டாக்டரின் குதிரையைப் பார்த்துக்கொண்டவர் என் அப்பா. மழை நாளில் அது ஓடைப் பாலத்தருகே தயங்கும். அப்பா அவசரப்படுத்தமாட்டார். கழுத்தைத் தடவிக்கொண்டு நிற்பார். அது தலையைத் தாழ்த்தி வெறும் வாயை மென்றதும், "பயம் எறங்கிருச்சு, வா கண்ணு" என்று முன்னால் நடப்பார். டாக்டரும் நனைந்துகொண்டே பின்னால் நடப்பார்.

மாப்பிள்ளை மாமாவைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார், இறங்கிவிட்டார்.

எங்கள் டிரைவர் எஞ்சினை நிறுத்தினார். சற்று நேரத்தில் குதிரை தலையைத் தாழ்த்தி வாயை மென்றது. "வா கண்ணு" என்று நான் இருக்கையிலிருந்தே சொல்லிவிட்டேன். அது மாப்பிள்ளையின் பின்னால் நடந்தது.

"குதிரையில வர்ற மாப்பிள்ளையப் பாத்திருக்கேன், குதிரையைக் கூட்டிட்டு வர்ற மாப்பிள்ளைய இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றார் கொண்டக்டர்.

பெண் வீட்டு வாசலில் யாருக்கு முதலில் பன்னீர் தெளித்தார்கள், மாப்பிள்ளைக்கா குதிரைக்கா? அந்தப் பக்கத்து நண்பர்கள் யாராவது சொல்லுங்கள்.