கதவை மூடிய கேப்டன்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் கூடினால் வாய் திறக்காமல் சுவரோரம் நிற்கிற ஆள். நாவல்களைப் பற்றி எழுத உனக்கென்ன தகுதி என்று கேட்காமல் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் மிஷின் எண்ணெய் வாடை மூக்கில் ஏறும்போதெல்லாம் ஒரு விண்கலத்தின் கேப்டன்தான் என் ஞாபகத்துக்கு வருகிறான், ஏனென்றால் அவன் வந்த மாத நாவலில் அந்த வாடைதான் அடித்தது. பெருமாநல்லூரில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த பனியன் கம்பெனியில், குழந்தைச் சட்டை தைக்கும் மிஷின் வரிசையில், அவர்கள் சொல்கிற "லைனில்", அம்மா டெய்லராக இருந்தாள். அங்கே அக்காமார் கைமாற்றிப் படித்த மாத நாவல்களை, தனக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும், எனக்காக மடியில் செருகிக் கொண்டுவருவாள். பக்கங்களுக்கு நடுவே பஞ்சுத் தூசி இருக்கும்.

அந்தக் கேப்டன் நல்லவன் இல்லை. கலத்தின் ஒரு பகுதியில் கொள்ளைநோய் புகுந்ததும், உள்ளே நாற்பது பேர் இருக்கும்போதே கதவை மூடி, மற்ற நானூறு பேரைக் காப்பாற்றுவான். பிறகு கை கழுவிவிட்டுக் காப்பி குடிப்பான். எட்டாவது படித்துக்கொண்டிருந்த நான் அந்தப் பக்கத்தை எத்தனை முறை படித்திருப்பேனோ தெரியாது. நல்லவர்கள் வரும் நாவல்களும் இருந்தன. அவர்கள் அழுதார்கள், என்னைப் போலவே தயங்கினார்கள். தண்ணீர் குடிக்கப் போகட்டுமா என்று டீச்சரிடம் கேட்கக்கூட நாக்கு ஒட்டிக்கொள்கிற எனக்கு, குரல் நடுங்காத அந்த மனிதன் மேல்தான் ஆசை.

கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடியெடுத்து "நீடில் நோட்டில்" டேப் போட்டு ஒட்டினால்தான் புது ஊசி தருவார்கள். ஒரு துண்டு குறைந்தாலும் லைனை நிறுத்தி, தைத்த சட்டை அத்தனையையும் தடவிப் பார்க்க வேண்டும். காலாண்டு விடுமுறையின் கடைசி நாள் மதியம், சாப்பிட வந்த அம்மா அப்பாவிடம் தணிந்த குரலில் சொன்னாள்: "காலைல ஊசி ஒடஞ்சதுல மொனைத் துண்டு கெடைக்கலீங்க. பழைய ஊசியோட மொனை ஒண்ணு வெச்சிருந்தேன், அதை ஒட்டிப்போட்டேன். என்னால முப்பது பேரு நிக்கோணுமாங்க? சாயங்காலம் சரக்கு வண்டி வேற போவோணும்." அப்பா மோர் கேட்டார். எனக்கோ எங்கோ தூர தேசத்தில் அந்தச் சட்டைகளைப் போட்டுக்கொண்டு நானூறு குழந்தைகள் நிற்பது தெரிந்தது.

அம்மா வேலைக்குத் திரும்பிய பிறகு நானும் கம்பெனிக்குப் போனேன். கேட்டருகே நின்ற சூப்பர்வைசரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"உனக்கு ஆரு சொன்னாங்க கண்ணு?" என்றார்.

"எங்கம்மாதானுங்க."

என் குரல் நடுங்கவில்லை. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக நடுங்கவில்லை; அதில் எனக்கு உண்டான சந்தோஷத்தை இங்கே மறைக்கப் போவதில்லை. வீட்டுக்கு வந்து கை கழுவிவிட்டுக் காப்பி போட்டுக் குடித்தேன்.

பெட்டிகளைப் பிரித்தார்கள். ஊசிமுனை ஒரு சட்டையின் கழுத்துப்பட்டியில், தொண்டை வருகிற இடத்தில் இருந்ததாம். ஆக, நான் செய்தது சரிதான். கேப்டன் செய்ததும் சரிதான். ஆனால் நாவலில் கதவு மூடியதும் அத்தியாயம் முடிந்துவிடுகிறது. உள்ளே அடைபட்ட யாரும் சாயங்காலம் திரும்பி வந்து நமக்குச் சோறு போடுவதில்லை. வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட அம்மா திரும்பி வந்தாள், சோறு போட்டாள். குழம்பை ஊற்றிக்கொண்டே, "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே போயிச் சொல்லியிருப்பேன் கண்ணு" என்றாள். அதற்குப் பிறகு சாகும்வரை அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. கேப்டனும் அந்த நாற்பது பேரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கம்பெனி இருந்த இடத்தில் இப்போது வேலைக்கு வந்த வடநாட்டுப் பிள்ளைகள் தங்கும் வரிசை வீடுகள். மாத நாவலை யாரும் மடியில் கொண்டுவருவதில்லை. என் மகன் போனில் பார்க்கிற விண்வெளிக் கதைகளிலும் அப்படியொருவன் வருகிறான். மகனுக்கு அவனைத்தான் பிடிக்கிறது. பின்னால் நின்று எட்டிப் பார்க்கிற எனக்கும் இன்னும் பிடிக்கிறது, அதை நினைத்தால் பயமாக இருக்கிறது.

அன்று அம்மாவுக்கு வேலை போன மறுநாள் காலை, எட்டரைக்குக் கம்பெனிச் சங்கு ஊதியது. அம்மா என் யூனிபார்முக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். நான் பள்ளிக்கூடம் போனேன்.