முத்தட்டும் என்று விட்ட கண்கள்

கண் கிளினிக்கில் தாதி வேலை என்பது, கண் தெரியவில்லை என்று வந்தவர் “எனக்கு எல்லாம் தெரியும்” என்று சொல்வதை நாள் முழுக்க நின்று கேட்கிற வேலை. திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ஒரு ஆசுபத்திரியில் பதினாறு வருடமாக அதைத்தான் செய்கிறேன். வங்கியிலோ, பள்ளிக்கூடத்திலோ, கச்சேரி அலுவலகத்திலோ சனத்துக்கு முன்னால் நிற்கிற உங்களுக்கு என் நிலைமையை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

சொல்ல வேண்டிய விசயம் சின்னது. கண்ணுக்குள் இருக்கிற வில்லை வயது போகப் போக மங்கும். சீனி வருத்தம் என்கிற நீரிழிவு இருந்தால் இன்னும் கெதியாக மங்கும். அந்த மங்கல்தான் வெண்புரை. மங்கினதை எடுத்துவிட்டுப் புது வில்லை வைக்க வேண்டும். அனேகமாக அரை மணித்தியாலமும் ஆகாது. இதை ஒருவருக்கு நம்பவைக்கத்தான் ஒரு வருடம் ஆகும்.

எழுத்துப் பலகை

ஓட்டோ ஓட்டுகிற ஒருவர் மகளின் ஆக்கினை தாங்காமல் இரண்டாம் முறை வந்தார். கதிரையில் இருந்ததும், நான் கேட்பதற்கு முன்பே எழுத்துப் பலகையை மேலிருந்து கீழே கடகடவென்று ஒப்புவித்தார். ஒரு எழுத்தும் பிழையில்லை. ஆனால் பலகையைப் போன கிழமைதான் எதிர்ச் சுவருக்கு மாற்றியிருந்தோம். அவர் பார்த்து வாசித்தது கலண்டரை.

அன்று காலையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிவிட்டுத்தான் வந்திருக்கிறார். இரண்டு கண்ணிலும் வெண்புரை. இனி ஓட்ட வேண்டாம், ஓட்டோத் திறப்பை மகளிடம் கொடுங்கோ என்று சொன்னேன். மகள் கை நீட்டினாள். அவர் திறப்பைக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துக் கோபமாகக் கேட்டார்:

“பலகையை மாத்தினால் ஒரு நோட்டீஸ் போட வேண்டாமோ, மிஸ்? கண் தெரியாத ஆக்கள் என்ன செய்யிறது?”

தேன்

படிக்காத சனம்தான் கை வைத்தியம் செய்யும் என்று யாராவது சொன்னால் எங்கள் கிளினிக்குக்கு அனுப்பி வையுங்கள். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர், முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவர், கண் செவ்வரத்தம்பூப் போலச் சிவந்து வந்தார். சத்திரசிகிச்சைக்குத் திகதி கொடுத்திருந்தோம். அதற்குள் கைத்தொலைபேசியில் ஒரு வீடியோ பார்த்து, தேனும் வெங்காயச் சாறும் கலந்து காலையும் மாலையும் கண்ணுக்குள் விட்டிருக்கிறார். வெண்புரை கரையுமாம்.

“சேர், மங்கினது உள்ளுக்க இருக்கிற வில்லை. வெளியில விட்ட தேன் அதைக் கரைக்காது. அதைக் கரைக்க ஒரு மருந்தும் இல்லை” என்றேன். கருவிழியில் புண். அது ஆறும்வரை சத்திரசிகிச்சை செய்ய ஏலாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். திகதி மாதக் கணக்கில் பின்னால் போனது. அதிபர் தலையை ஆட்டினார். பிழை விளங்கிவிட்டது என்று நான் சந்தோசப்பட்டேன்.

“நான் விட்டது கலப்படத் தேன் போல. காட்டுத் தேன் எடுப்பிச்சிருக்க வேணும்.”

இரண்டு கிழமை

அன்புவழிபுரத்திலிருந்து ஒரு தம்பதி. மனைவிக்குக் கண் தெரியவில்லை, கணவருக்கு வாய் மூடவில்லை. நான் அவவிடம் கேட்டதற்கெல்லாம் அவரே பதில் சொன்னார். “அவவுக்கு அவ்வளவு மோசமில்லை. சமையல் எல்லாம் செய்யிறா.” அவவின் மணிக்கட்டில் கொதி எண்ணெய் பட்ட காயம் இரண்டு. ஒன்று இன்னும் காயவில்லை.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு கண்ணில் தண்ணீர் படக்கூடாது, கண்ணைக் கசக்கக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, இரண்டு கிழமை, பதினாலு நாளும், அடுப்புப் புகைக்குப் போகக்கூடாது என்று சொன்னேன். மனிசன் எழும்பி நின்றார். “அப்ப நான் ஆரிட்டச் சாப்பிடுறது?” உங்களுக்கும் கை இருக்கெல்லோ என்று கேட்டேன். அவவுடைய பெயரை அவவிடமே கேட்டு எழுதித் திகதியைப் போட்டேன்.

பத்தாம் நாள் காட்ட வந்தபோது, பலகையில் கடைசிக்கு முந்தின வரிவரை வாசித்தா. கணவர் வெளியே சாப்பாட்டுப் பாத்திரத்தோடு நின்றார், விரலில் பிளாஸ்டர். அவ என் காதுக்குக் கிட்டக் குனிந்தா.

“மற்றக் கண்ணுக்கும் கெதியாத் திகதி தாங்கோ, மிஸ். அந்த முறை ஓய்வை ஒரு மாசம் எண்டு எழுதி விடுங்கோ.”

வெளிநாட்டு மகன்

இதைச் சிரித்துச் சொல்ல எனக்கு வராது. ஈச்சிலம்பற்றிலிருந்து ஒரு மீனவர். ஒன்றரை வருடத்துக்கு முன்னர் வலது கண்ணுக்குத் திகதி கொடுத்தோம். வரவில்லை. வெளிநாட்டிலிருக்கிற மகன் தொலைபேசியில் வைத்தியம் பார்த்திருக்கிறான்: “முத்தினாப் பிறகுதான் வெட்ட வேணும், அப்பா. நான் வந்து கொழும்பில பெரிய இடத்தில காட்டுறன்.” மகனின் லீவு தள்ளித் தள்ளிப் போனது. வெண்புரை தள்ளிப் போகவில்லை.

முத்தட்டும் என்று விடுவது அந்தக் காலத்துக் கதை. அளவுக்கு மிஞ்சி முத்தினால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பின்னாலுள்ள நரம்பைக் கொன்றுவிடும். அந்த மீனவர் தலையிடியும் வாந்தியுமாக, அயல்வீட்டுக்காரரின் தோளைப் பிடித்தபடி வந்து சேர்ந்தார். அழுத்தத்தைக் குறைத்து, வில்லையையும் எடுத்தோம். நரம்பு போனது போனதுதான். கை அசைவதைத் தவிர அந்தக் கண்ணுக்கு வேறொன்றும் தெரியவில்லை. இடது கண்ணுக்கு அன்றே பெயர் எழுதினேன்.

அப்போதுதான் மகன் தகப்பனின் தொலைபேசிக்கு எடுத்தான்; நான் வாங்கிக் கதைத்தேன். “அவர் படிக்காதவர். நீங்கள் விளங்கப்படுத்தியிருக்க வேணும்” என்று எனக்குப் பாடம் நடத்தினான். நான் திருப்பிச் சொல்ல வாயெடுக்க, தகப்பன் தடவித் தடவி என் கையிலிருந்த தொலைபேசியை வாங்கி நிறுத்தினார்.

“அவனை ஏசாதேங்கோ, மிஸ். நாளைக்கும் எடுப்பான். அப்பாவுக்குக் கண் வடிவாத் தெரியுது எண்டு சொல்லி விடுங்கோ.”

என் முறை

இனி என்னைப் பற்றி. இரண்டு வருடமாக இரவில் ஸ்கூட்டரில் போகும்போது எதிரே வருகிற வாகன வெளிச்சம் சிதறித் தெரிந்தது. இப்போதைய பல்புகள் சரியில்லை என்று ஏசினேன். கண்ணாடியை இரண்டு தரம் மாற்றினேன். ஒரு நாள் நோயாளி ஒருவருக்கு விட எடுத்த சொட்டு மருந்துப் போத்தலை, கூட வேலை செய்கிற ஜெயந்தி என் கையோடு சேர்த்துப் பிடித்தாள். வேறு மருந்து. லேபலை நான் வாசித்தேன் என்றே நினைத்திருந்தேன். போத்தலை அவளிடமே விட்டுவிட்டு டொக்டரிடம் போனேன்.

டொக்டர் பார்த்தார். இரண்டு கண்ணிலும் வெண்புரை. “இப்ப வேலை கூட, கொஞ்சம் பொறுத்துச் செய்வம்” என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது. அவர் திகதியை எழுதினார். சத்திரசிகிச்சை மேசையில் படுத்தபோது, நான் ஏசின அத்தனை பேரையும் விடப் பயந்தவள் நான்தான். திரும்பி வேலைக்கு வந்த முதல் நாள் சுவர்க் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். வெள்ளை என்று நினைத்துப் போட்ட சீருடை தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. ஜெயந்தியிடம் கேட்டேன்.

“ஓம் மிஸ், கனகாலமா அப்பிடித்தான். ஏசுவீங்கள் எண்டு ஒருதரும் சொல்லேல்லை.”

இத்தனை வருடத்தில் நான் கண்டது, மங்கின வில்லைக்கு மாற்று வில்லை இருக்கிறது, வீம்புக்கு மாற்ற எங்கள் களஞ்சியத்தில் ஒன்றுமில்லை என்பதுதான்.