ஒன்பதாவது படம்

"லாங்சாம்! லாங்சாம்!" என்று கத்துகிறார் ஏசுஅடிமை. சுசீந்திரம் தேரோட்டத்துக்கு வந்த கூட்டம் அவருடைய படப்பெட்டியை முட்டிக்கொண்டு நிற்கிறது. பெட்டியில் மூன்று கண்ணாடித் துளைகள். மூன்று பேர் குனியலாம். முப்பது பேர் குனியப் பார்க்கிறார்கள். லாங்சாம் என்றால் ஜெர்மன் மொழியில் 'மெதுவாக'. பொருள் தெரியாமலேயே கூட்டம் ஓர் அடி பின்வாங்குகிறது.

ஏசுஅடிமை அருமனை ஊர்க்காரர். வயது ஐம்பத்தேழு. மழைக்கு முன்னால் வீடு வீடாகக் கூரையேறி உடைந்த ஓடுகளை மாற்றுவது தொழில். திருவிழா வந்துவிட்டால் பெட்டி தலைக்கு ஏறிவிடும். யாரைப் பார்த்தாலும் முகத்தைவிட அவர்கள் தலைக்குமேல் இருக்கும் கூரையில்தான் அவருக்கு அக்கறை. என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "சாருக்க வீடு நாட்டு ஓடா, மங்களூர் ஓடா?"

சென்னையில் மொட்டை மாடி என்றேன்.

"செரி, போகட்டு" என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில்.

இளவயதில் கொல்லத்தில் ஓர் ஓட்டு ஆலையில் வேலை செய்திருக்கிறார். அங்கே மேற்பார்வை பார்த்தவர் சுவிட்சர்லாந்தில் பாசல் நகரத்துக்காரர். முதல் உலகப் போர் மூண்டதும் அவர் ஊர் திரும்பினார். போகும்போது பெட்டியையும் பன்னிரண்டு படங்களையும் ஏசுஅடிமையிடம் கொடுத்துவிட்டார். படங்களின் கதையில் பாதி அவர் சொன்னது. மீதி இவருடைய சொந்தச் சரக்கு.

வலது காலில் சலங்கை. கயிற்றை இழுத்தால் படம் மாறும், கால் தட்டும், வாய் முழங்கும். "பாருங்க, கொலோன் கோயிலு! ரெட்டைக் கோபுரம்! கட்டி முடிக்க அறுநூறு வருசம்! நம்ம ஊரு கொத்தனாரு தேவல!" ஜல். "லூசர்ன் மரப்பாலம்! பாலத்துக்கும் கூரை! ஆளு நனையப்பிடாதுன்னு கட்டின சீமை!" ஜல். "பேர்ன் மணிக்கூண்டு! மணியடிக்க நேரம் கரடி வட்டம் சுத்தும்!" கோயில் என்று காதில் விழுந்ததும் ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் துளையில் கண் வைத்தார்.

ஒன்பதாவது படத்தில் சலங்கை நின்றுவிடும். துளைக்குள் வெறும் கறுப்புத் தாள். வியன்னா நகரத்து ஸ்டெபான் தேவாலயம் இருந்த இடம் அது. பல நிற ஓடுகளை நெளிநெளியாகக் கோத்து, பாய் விரித்ததுபோல் வேய்ந்த கூரை. இரண்டாம் போரின் கடைசி நாட்களில் எரிந்துபோனது. டீக்கடைப் பேப்பரில் செய்தியைப் படித்த அன்றே படத்தை உருவிவிட்டார்.

"இல்லாத்த கூரைய இருக்குன்னு காட்டலாமா? நான் ஓட்டுக்காரன் இல்லியா?"

ஏழு வருடமாக அந்த இடத்துக்கு ஒரே வசனம்: "வேல நடக்கு! அடுத்தது!"

பக்கத்தில் பொரி விற்கும் உலகம்மை அந்தக் கறுப்புத் தாளை ஏழு திருவிழாக்களாகக் கேலி செய்து வருகிறார். "ஓய், ஒம்ம வியன்னாவுல இன்னும் விடியலியா?"

இந்த 1952 மார்கழியில் விடிந்திருக்கலாம். ஏசுஅடிமையின் சட்டைப்பையில் கனமான ஓர் உறை இருக்கிறது. பள்ளிக்கூட ஆசிரியர் செல்வதாஸைக் கொண்டு ஆங்கிலத்தில் அந்தத் தேவாலயத்துக்கே கடிதம் எழுதிப் போட்டிருந்தார். கூரை போட்டாயிற்றா? ஓடுதானா? பழைய நெளி அப்படியே வந்திருக்கிறதா? பதில் வந்து ஒன்பது நாளாகிறது. இன்னும் பிரிக்கவில்லை.

"ஏன்?" என்றேன்.

"சாரே, இப்பம் எங்க பாத்தாலும் தகரமாக்கும். அது யுத்தத்துல அடிபட்ட ஊரு. அவனும் தகரத்தப் போட்டு மூடியிருந்தா? இத பிரிக்காத வரைக்கும் அங்க ஓடுதான்."

உலகம்மை காதில் இது விழுந்துவிட்டது. "ஒம்பது நாளாட்டு அடையா காக்கேரு? குஞ்சு பொரிக்குமா வே? இங்க கொண்டாரும்!"

"எக்கா, வேண்டாம். திருவிழா முடியட்டும்."

"முடிஞ்சா மட்டும் தைரியம் வந்துருமாக்கும்!" உறை அவர் பையிலிருந்து உலகம்மை கைக்குப் போய்விட்டது. பொரி ஒட்டிய விரலால் கிழித்தார். உள்ளே வண்ணப் படம் ஒன்று. அதை ஒரு முறை பார்த்தார். ஏசுஅடிமை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கூரையைப் பார்க்காமல் ஒரு முகத்தை அவர் அவ்வளவு நேரம் பார்த்தது எனக்குத் தெரிந்து அப்போதுதான்.

உலகம்மை பெட்டியின் பின்பக்கம் போய், ஒன்பதாவது சட்டத்திலிருந்து கறுப்புத் தாளை உருவிவிட்டுப் படத்தைச் செருகினார்.

"படத்தப் பெட்டியிலதான் பாக்கணும்னு ஊருக்கெல்லாம் சொல்லுகேரு இல்லியா? குனியும்."

ஏசுஅடிமை துண்டால் முகம் துடைத்தார். கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார். கடைசியில் குனிந்தார். உலகம்மை கயிற்றை இழுத்தார்.

பின்னால் இருந்தவர்கள் முண்டினார்கள். "எங்களுக்கும் காட்டும் வே!"

"லாங்சாம், ஏலே, லாங்சாம்!" என்று உலகம்மை பொரி அளக்கும் படியை ஓங்கினார். "மனுசன் பாக்கட்டு!"

தெருமுனையில் தேர் அசைந்தது. அத்தனை பேரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். ஏசுஅடிமை தலையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அவருடைய வலது கால் மட்டும் மணலில் தட்டத் தொடங்கியது.

ஜல். ஜல். ஜல்.