இரண்டு காரிலும் இல்லாத பிள்ளை

போன வருடம் பள்ளி விடுமுறையின் கடைசி சனிக்கிழமை அது. மலேசியாவில் எங்கள் கெடா மாநிலத்துக்கு வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை, ஞாயிற்றுக்கிழமையே பள்ளி திறந்துவிடும். அந்த ஒரு நாளையும் வீட்டில் கழிக்க முடியாது என்று பிள்ளைகள் அடம்பிடித்ததால், பாடாங் செராயிலிருந்து செமிலிங் பக்கம் இருக்கும் ஓர் அருவிப் பூங்காவுக்குக் கிளம்பினோம். எங்களோடு என் கணவரின் அண்ணன் குடும்பம். எனக்குப் பத்து வயதில் ஒரு மகன், ஆறு வயதில் ஒரு மகள். அவர்களுக்கு மூன்று பிள்ளைகள். ஆக, இரண்டு கார், ஐந்து பிள்ளைகள். பிள்ளைகளோடு பூங்காவுக்குப் போவது சுகமான காரியம் என்று எழுதுகிறவர்களை ஒரு நாள் என்னோடு அனுப்பி வையுங்கள், சொல்கிறேன்.

காலை ஐந்து மணிக்கு எழுந்து ஒரு குண்டான் அரிசிச் சேமியா மீகூன் பிரட்டினேன். ஓரகத்தி கோழிக்கறியும் சம்பலும் கொண்டுவந்தார். பாய், ஐஸ் பெட்டி, மாற்றுத் துணி, குடை என்று ஒரு கல்யாண வீட்டுக்கு ஆகும் சாமான். ஆண்கள் இரண்டு பேரும் ஆற்றில் கால் நனைத்ததோடு சரி, பாயில் சாய்ந்து கைப்பேசியைக் கையில் எடுத்துவிட்டார்கள். பாறையில் ஏறாதே, ஆழத்துக்குப் போகாதே என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அதிலும் என் மகள் அன்று என் உயிரை வாங்கினாள். துணி மாற்றிவிட்டால் மறுபடி தண்ணீரில் இறங்குவாள். ஈரத்தோடு மணலில் புரளுவாள். மீகூன் காரம் என்று தட்டைத் தள்ளிவிட்டாள். ஏன்டா வந்தோம் என்று ஆகிவிட்டது.

மூன்று மணிக்கு மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. மேலே மழை பெய்தால் கீழே ஆற்றில் திடீரென்று வெள்ளம் இறங்கிவிடும். கெப்பாலா ஆயர் என்பார்கள். அதில் அடித்துக்கொண்டு போனவர்கள் கதை எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். ஆளாளுக்குக் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிள்ளைகள் காலையிலிருந்தே இந்தக் காரிலும் அந்தக் காரிலும் மாறி மாறித்தான் ஏறிக்கொண்டிருந்தார்கள். எந்தக் காடியா இருந்தா என்ன, ஏறுங்க என்று என் கணவர் விரட்டினார். நானும் சேர்ந்து விரட்டினேன்.

பீடோங் வந்ததும் சாலையோரம் தேங்காய்ப்பால் ஐஸ் போட்ட செண்டோல் குடிக்க நிறுத்தினோம். கடைக்காரர் எத்தனை என்று கேட்டார். பிள்ளைகளை எண்ணினேன். நாலு. மறுபடி எண்ணினேன், நாலுதான். மகள் எங்கே என்று கணவரைக் கேட்டால், அண்ணன் காரில் வந்தாளே என்றார். அண்ணனோ, உங்களோடுதானே இருந்தாள் என்றார்.

அப்படியே காரைத் திருப்பினோம். திரும்பிப் போகும் வழியெல்லாம் நானும் என் கணவரும் போட்ட சண்டையை இங்கே எழுத முடியாது. ஒரு பிள்ளையை ஏற்றத் தெரியாதா என்று அவரைக் கேட்டேன். பெற்றவள் நீ எண்ணிப் பார்த்தாயா என்று அவர் திருப்பிக் கேட்டார். கண்ணாடியில் மழை விழ ஆரம்பித்தது. முன்னால் ஒரு லாரி நகரவே மாட்டேன் என்றது. எனக்கு அந்த ஆறு மட்டும்தான் கண்ணில் நின்றது. தெரிந்த சாமிக்கெல்லாம் நேர்ந்துகொண்டேன்.

கார் நிறுத்தும் இடம் காலியாகிவிட்டிருந்தது. ஓரத்துக் கொட்டகையில் ஒரு தமிழ் முஸ்லிம் குடும்பம் மட்டும் இருந்தது. பெண்டாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர்களாம். அந்த வீட்டு அம்மாவின் சால்வையைப் போர்த்திக்கொண்டு, கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு என் மகள் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து ஓடி வரவில்லை.

கட்டிப்பிடித்து அழுதிருக்க வேண்டியவள் நான். ஆனால் பயமெல்லாம் அந்த நொடியில் கோபமாகிவிட்டது. பாலர் பள்ளிக்குப் போகும் முன்பே என் கைப்பேசி எண்ணை அவளுக்குப் பாட்டு மாதிரி மனப்பாடம் செய்ய வைத்திருந்தேன். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள்.

"அம்மா நம்பர் தெரியும்ல? ஏன் சொல்லல?" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன்.

"நாங்களும் கேட்டுக்கிட்டேதான் இருக்கோம், தங்கச்சி. தெரியும்னு தலையாட்டுது, சொல்ல மாட்டேங்குது," என்றார் அந்த அம்மா.

மகள் தலை நிமிராமல் சொன்னாள். "சொல் பேச்சு கேக்கலன்னா இங்கயே விட்டுட்டுப் போயிருவேன்னு சொன்னீங்க. நான் கேக்கல. அதான் விட்டுட்டுப் போயிட்டீங்க. போன் பண்ணா இன்னும் ஏசுவீங்க."

சொல்லியிருந்தேன். அன்றைக்கு மட்டும் எத்தனை தடவை என்று எனக்கே தெரியாது. அன்றைக்கு மட்டுமா? பசாரில், கோயிலில், பள்ளிக்கூட வாசலில் என்று எங்கே அவள் முரண்டு பிடித்தாலும் அதுதான் என் வாயில் வரும். நம் வீடுகளில் யார்தான் சொல்வதில்லை? சொல்லும் நமக்கு அது வெறும் பேச்சு. அவள் ஒவ்வொரு தடவையும் நம்பியிருக்கிறாள். கிளம்பும் அவசரத்தில், காரெல்லாம் மணலாகிவிடும் என்று நான் ஏசியதால் சிலிப்பரைக் கழுவக் குழாயடிக்குப் போயிருக்கிறாள். திரும்பி வரும்போது இரண்டு காரும் பூங்கா வாசலைத் தாண்டுவதைப் பார்த்திருக்கிறாள். கூப்பிடவும் இல்லை, பின்னால் ஓடவும் இல்லை.

அந்த அம்மா என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. யார் பெற்ற பிள்ளைக்காகவோ மழையில் தன் பிள்ளைகளையும் காக்க வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், பிள்ளை நடுங்குகிறாள், போர்த்தியபடியே கூட்டிக்கொண்டு போங்கள் என்று சால்வையையும் கொடுத்துவிட்டார். நான் பிள்ளையைப் போர்த்தியபடியே தூக்கிக்கொண்டு காருக்கு நடந்தேன்.

காரில் அவளை மடியில் போட்டுக்கொண்டு, அம்மா சும்மாதான் சொன்னேன் என்றேன்.

"சும்மான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

இப்போதும் பூங்காவுக்குப் போகிறோம். என் கோபம் குறைந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே கத்துகிறேன். அந்த ஒரு பேச்சு மட்டும் வாயில் வருவதில்லை. ஆனால் எங்கே போய்விட்டுக் கிளம்பினாலும், கதவைச் சாத்தியதும் பின்னாலிருந்து "அம்மா, நான் ஏறிட்டேன்" என்று ஒரு குரல் வரும். மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள். பெற்றவளிடமே தன்னை ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது என் பிள்ளைக்கு. அதைச் சொல்ல அவள் மறந்துபோகிற நாளில்தான், அவளுக்கு என்மேல் மறுபடி நம்பிக்கை வந்துவிட்டது என்று நான் நம்புவேன்.