தேர்ச்சீலையில் ஒரு யானை, மூன்று குரங்கு

தேர்ச்சீலை தைப்பவனிடம் சாமி ஒருநாளும் குறை சொன்னதில்லை. சொல்வதெல்லாம் சாமி கும்பிட வருகிறவர்கள்தான். வண்ணத் துணியில் உருவங்களை வெட்டி, வெள்ளைச் சீலையில் பதித்து, நூல்வேலை செய்து தேருக்கும் கோயிலுக்கும் கொடுப்பது புதுக்கோட்டையில் என் பிழைப்பு. வாடிக்கைக்காரர்களிடம் அகப்பட்டவர்களுக்கு மீதியைச் சொல்லவே வேண்டாம்; இருந்தாலும் சொல்கிறேன்.

நகம்

ஒரு பெருமாள் கோயிலுக்கு, முதலை கவ்விய யானை, மேலே கருடன்மீது பெருமாள். பெருமாளின் கிரீடத்துக்கு மட்டும் நாலு நாள் ஜரிகை இழைத்தேன். சீலை வாங்க வந்தவர்களோடு கோயில் யானைப் பாகரும் வந்தார். கிரீடத்தை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. யானைக் காலையே பார்த்தார். எல்லாக் காலுக்கும் மூன்று நகம் வைத்திருந்தேன். முன்னங்காலுக்கு ஐந்து, பின்னங்காலுக்கு நாலு என்றார். "இதையெல்லாம் யாரு பாக்கப் போறாங்க?" என்றேன்.

"சாமியை நீங்க பாத்திருக்க மாட்டீங்க, எப்படி வேணாலும் தைங்க. யானையைப் பாத்திருக்கீங்கல்ல?"

அண்ணன் தம்பி

கறம்பக்குடிப் பக்கம் ஒரு கோயிலுக்கு வாலி சுக்ரீவன் சண்டை. உபயம் ஓர் அண்ணனும் தம்பியும். வரப்புத் தகராறில் இருவருக்கும் பேச்சு நின்று பல வருஷம். சீலை வாங்க வந்தபோதும் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். யுத்தகாலத் துணித் தட்டுப்பாட்டில் இரண்டு குரங்கையும் ஒரே காவித் துண்டில் வெட்டியிருந்தேன்.

சீலையை விரித்ததும் அண்ணனுக்கு முகம் மாறியது. அம்பு பட்டு விழுந்த வாலிமேல் விரலை வைத்து, "மூத்தவன்தானே சாகுறான்? அப்ப இது நாந்தானே?" என்று என்னைக் கேட்டார். தம்பி கிட்டே வந்து சீலையின் ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு, மறுமுனையை அண்ணன் கையில் கொடுத்தார்.

"நா எந்த ராமரையும் கூட்டியாரலண்ணே. மடிங்க, வண்டி நிக்கிது."

கடல் தாண்டியவர்

கந்தர்வக்கோட்டையிலிருந்து வந்த அம்மாளின் கணவர் மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் இருந்தார். ஜப்பான்காரன் புகுந்தபின் அவரிடமிருந்து கடுதாசியே இல்லை. அனுமார் கோயிலுக்குச் சீலை நேர்ந்துகொண்டிருந்தார் அந்த அம்மாள். வழக்கம்போல இலங்கைக்குத் தாவும் அனுமாரைத் தைத்து வைத்தேன். அதைப் பார்த்ததும், "போற அனுமாரு வேணாங்க. போனவுக ஒருத்தர் போதும். திரும்பி வர்ற அனுமாரைத் தைங்க" என்றார். தையலைப் பிரித்தேன். முகத்தை இந்தப் பக்கம் திருப்பி, கையில் சீதையின் சூடாமணியையும் வைத்துத் தைத்துக் கொடுத்தேன்.

யுத்தம் ஓய்ந்து வெகுநாள் கழித்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். "இவுகதாங்க" என்றார். எலும்பும் தோலுமான மனுஷர். கோயிலில் சீலையைப் பார்த்துவிட்டு வருகிறார்களாம். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்ததும் அவர் சொன்னார்.

"பறந்தெல்லாம் வரலீங்க. கப்பல்ல எடமில்லாம நின்னுக்கிட்டே வந்தேன்."

காவியம் பாடியவர்களுக்கு இப்படி வாடிக்கைக்காரர்கள் வாய்த்திருந்தால், எந்தக் கதையும் முதல் காண்டத்தைத் தாண்டியிருக்காது.